சான்றிதழும் கைத்திறனும்



அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் தமிழ்நாட்டிலிருந்து பம்பாய்க்கும் தில்லிக்கும் ரயிலேறிய இளைஞர் பலருடைய தகரப் பெட்டிகளில், வேட்டி சட்டைகளுக்கு அடியில், இரண்டு காகிதங்கள் பத்திரமாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்று தட்டெழுத்தில் ஹையர் தேறியதற்கான சான்றிதழ், மற்றொன்று சுருக்கெழுத்துக்கானது. மாதுங்காவிலும் கரோல் பாகிலும் நம்மவர் குடியிருப்புக்கள் தழைத்ததற்கு அந்த இரு காகிதங்களும் ஒரு காரணம் என்றால் அது மிகையாகாது. ஆயினும், அந்தத் தலைமுறையைச் சேர்ந்த பெரியவர் எவரையேனும் கேட்டுப் பாருங்கள். “சான்றிதழ் கதவைத் திறந்தது, வேலையைத் தந்தது விரல்கள்தாம்” என்றே சொல்வார். முதல் நாள் காலையில் அதிகாரி கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு கடிதத்தை வேகமாகச் சொல்லுவார். அப்போது பேசவேண்டியது காகிதமன்று, கை.

அந்தப் பரீட்சைகளுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, கடிகாரம் ஓட, பிழையின்றித் தட்டியவர்தாம் தேறினர். ஆகவே சான்றிதழும் திறனும் அன்று ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. இன்று நிலைமை வேறு. அந்தப் பெரியவர்களின் பேரப் பிள்ளைகள், “தகவல் பாதுகாப்புத் துறையில் சேர விரும்புகிறோம், எந்தச் சான்றிதழ் வாங்கலாம்?” என்று கேட்கிறார்கள். வினா நியாயமானதே. ஆனால் அதற்கு முன்னர் கேட்கவேண்டிய வினா ஒன்று உண்டு: “இந்தச் சான்றிதழ் எதற்குச் சாட்சி சொல்கிறது?” இந்த ஒரு வினாவையே மையமாகக் கொண்டு இன்று சில கருத்துக்களைக் கூற விரும்புகிறேன்.

முதலில், தகவல் பாதுகாப்பு என்பது யாது? ஒரு வங்கியின் கணக்கேட்டை எண்ணிக்கொள்ளுங்கள். பிறர் அதைப் படித்தல் ஆகாது. எவரும் அதைத் திருத்துதல் ஆகாது. வேண்டிய நேரத்தில் அது கைக்குக் கிடைக்கவேண்டும். இரகசியம், பிழையின்மை, கிடைக்கும் தன்மை என்னும் இம் மூன்றையும் காப்பதே இத் துறையின் பணி. இவற்றில் ஒன்று குலைந்தாலும் துன்பம் விளையும். 2022 நவம்பர் 23 அன்று தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பொறிகளை ஒரு தீய நிரல் பூட்டிவிட்டது. ஏறத்தாழ இரண்டு வாரம் நோயாளிகளின் பதிவு முதல் பரிசோதனை முடிவு வரை கையாலேயே எழுத நேர்ந்தது. அங்கே குலைந்தது கிடைக்கும் தன்மை. 2018 ஆகஸ்டில் புனேயிலுள்ள காஸ்மாஸ் கூட்டுறவு வங்கியில், பணம் கேட்கும் இயந்திரங்களுக்கு விடையளிக்கும் அமைப்புக்குள் ஒரு நிரல் புகுந்து, பொய்யான இசைவுகளை அளித்தது. பல நாடுகளில் பணம் எடுக்கப்பட்டது. இழப்பு 94 கோடி ரூபாய்க்கு மேல். அங்கே குலைந்தது பிழையின்மை. இவை எங்கோ நடந்த கதைகளல்ல. நாம் வாழும் நகரங்களில், நாம் வரிசையில் நிற்கும் மருத்துவமனையிலும் வங்கியிலும் நடந்தவை.

இத்தகைய நிகழ்ச்சிகள் நேர்வதனால் இத் துறையில் ஆட்கள் தேவைப்படுகின்றனர். ரிசர்வ் வங்கி 2016 ஜூனில் விடுத்த சுற்றறிக்கையின்படி வங்கிகள் பாதுகாப்புக் கண்காணிப்பு மையங்களை அமைக்கலாயின. மத்திய அரசின் கணிப்பொறி அவசர உதவிக் குழுவான ‘செர்ட்-இன்’ 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணைப்படி, குறிப்பிட்ட வகைத் தாக்குதல்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவித்தாகவேண்டும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் எண்ணிமத் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தக்க காவல் செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வகை செய்திருக்கிறது. சட்டம் கடுமையாகும்போது காவலர்களுக்கு வேலை பெருகுவது இயல்பு.

இந்த வேலைகள் நால்வகைப்படும். முதலாவது, கண்காணிப்பு, கணிப்பொறிகள் எழுதும் பதிவேடுகளை இரவும் பகலும் பார்த்து, ஐயத்துக்குரியதைக் கண்டு சொல்வது. இரண்டாவது, சோதனை, உரியவரின் அனுமதி பெற்று, திருடன் எப்படி நுழைவானோ அப்படியே நுழைந்து பார்த்து, ஓட்டைகளை எழுதிக் கொடுப்பது. மூன்றாவது, அமைப்பு, ஃபயர்வால், கடவுச்சொல் முறை, கிளவுட் வசதி ஆகியவற்றைச் சரிவர நிறுவிப் பராமரிப்பது. நான்காவது, தணிக்கை, விதிகள் காகிதத்தில் மட்டும் உள்ளனவா, நடைமுறையிலும் உள்ளனவா என்று ஆராய்வது. திரைப்படங்களைப் பார்க்கும் நம் இளைஞருக்கு இரண்டாவது மட்டுமே கண்ணில் படுகிறது. உண்மையில் புதியவருக்குக் கதவு திறப்பது பெரும்பாலும் மற்ற மூன்றில்தான்.

இனி, எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்லுகிறேன். பல ஆண்டுகள் வங்கி ஒன்றின் கணிப்பொறிப் பிரிவில் பணியாற்றிய எனக்கு, மும்பை செம்பூரில் அண்டை வீட்டார் அவர்கள். தந்தை ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கர். மகன் பி.எஸ்ஸி. முடித்திருந்தான். ‘ஆறே மாதத்தில் மூன்று சான்றிதழ்கள், வேலைக்கு முழு உத்தரவாதம்’ என்ற விளம்பரத்தைக் கண்டு, தாயாரின் வளையல்களை அடகு வைத்து, 1,80,000 ரூபாய் செலுத்தினார்கள். ஆறு மாதம் கழிந்தது. மூன்று சான்றிதழ்களும் வந்தன. நேர்முகத் தேர்வில் அவனை ஒரே ஒரு வினா கேட்டார்களாம்: “பிரௌசரில் ஒரு முகவரியைத் தட்டினால், திரையில் பக்கம் தோன்றும்வரை இடையில் என்னென்ன நிகழ்கின்றன?” பத்துக் கருவிகளின் பெயர்களை ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அதற்கு விடை சொல்லத் தெரியவில்லை.

அன்று மாலை என்னிடம் வந்து, “மாமா, இந்த மூன்றும் பொய்யா?” என்று கேட்டான். “பொய் இல்லை, தம்பி. நீ அந்த வகுப்பில் இருந்தாய் என்பதற்கு இவை சாட்சி. உனக்கு வேலை தெரியும் என்பதற்கல்ல” என்றேன். அவனுடைய முகம் வாடியதைக் கண்டு எனக்கும் வருத்தமாகவே இருந்தது. ஆனால் அந்த ஒரு வினாவே அவனுக்கு ஆசானாயிற்று. அதற்கு விடை தேடத் தொடங்கினோம்.

அந்த விடையை நேயர்களுக்கும் சுருக்கமாகச் சொல்லுகிறேன். கணிப்பொறி முதலில் ‘டி.என்.எஸ்.’ என்னும் பெயர்ப் பட்டியலிடம் சென்று, அந்தப் பெயருக்குரிய எண் முகவரி எது என்று கேட்கிறது. பின்னர் அந்த எண்ணுள்ள கணிப்பொறியோடு கை குலுக்குவதுபோல் மும்முறை செய்தி மாற்றி இணைப்பை ஏற்படுத்திக்கொள்கிறது. அடுத்து, “நீதான் அந்த வங்கி என்பதற்குச் சான்று எங்கே?” என்று கேட்டுச் சரிபார்த்து, இருவருக்கும் மட்டும் புரியும் மறைமொழியில் பேச உடன்படுகிறது. அதற்குப் பின்னரே பக்கத்தைத் தா என்று வேண்டுகிறது. இந்த ஒவ்வொரு படியும் திருடன் ஒளிந்திருக்கக்கூடிய ஒரு மூலை. பெயர்ப் பட்டியலைக் கெடுத்தால் வாடிக்கையாளர் போலி வங்கிக்குச் செல்வார். சான்றைச் சரிபாராமல் விட்டால் இடையில் ஒருவன் அமர்ந்து கேட்பான். பக்கத்தைத் தரும் நிரல், வருகின்ற சொற்களை ஆராயாமல் ஏற்றுக்கொண்டால், வினாவோடு வினாவாகக் கட்டளையும் நுழைந்து தரவுப் பெட்டகத்தையே திறந்துவிடும். வழி தெரிந்தவனுக்கே வழிப்பறி நேரும் இடமும் தெரியும். ஆகவே நெட்வொர்க் பற்றிய அறிவே முதற்படி.

இரண்டாம் படி, இயங்குதளத்தை அறிதல். லினக்ஸ், விண்டோஸ் இரண்டையுமே பழகவேண்டும். ஓர் உதாரணம் கூறுகிறேன். விண்டோஸ் தன் பதிவேட்டில், ஒருவர் உள்நுழைய முயன்று தோற்றால் 4625 என்ற எண்ணையும், வெற்றி பெற்றால் 4624 என்ற எண்ணையும் குறித்து வைக்கிறது. நள்ளிரவில் ஒரே பெயருக்கு ஒரு நிமிடத்தில் நூறு முறை 4625 வந்து, அதன் பின் ஒரே ஒரு 4624 வந்தால் அதன் பொருள் என்ன? கதவைப் பலமுறை இடித்தவன் கடைசியில் உள்ளே வந்துவிட்டான் என்று ஐயுற வேண்டும். பதிவேட்டின் அந்த ஒரு வரியைக் காணும் கண்ணையே கண்காணிப்பு மையங்கள் தேடுகின்றன.

மூன்றாம் படி, ஒரு நிரல் மொழி. பைத்தான் போதும். பெரிய மென்பொருள் எழுத வேண்டியதில்லை. சற்று முன் சொன்ன 4625களை ஆயிரக்கணக்கான வரிகளிலிருந்து பொறுக்கி எண்ணித் தரும் சிறு நிரலைத் தானே எழுதத் தெரிந்தால் தொடக்கத்திற்கு அதுவே நல்ல தகுதி.

நான்காம் படியை அநேகர் மறந்துவிடுகின்றனர். அது தெளிவாக எழுதுதல். கண்டுபிடித்த குறையை, கணிப்பொறி அறியாத மேலதிகாரிக்கும் விளங்கும்படி ஒரு பக்கத்தில் எழுதத் தெரியாவிட்டால், கண்டுபிடித்ததும் வீணே. அலுவலக ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் ஆற்றலால் பிழைத்த முந்தைய தலைமுறையின் வழிவந்த நமக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

இங்கே ஒரு பழைய வரலாறு நினைவுக்கு வருகிறது. 1986இல் அமெரிக்காவின் பெர்க்கிலி ஆய்வுக்கூடத்தில் கிளிஃபர்டு ஸ்டால் என்ற வானியலறிஞர் கணிப்பொறிப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். கணிப்பொறிப் பயன்பாட்டுக் கணக்கில் 75 சென்ட் வித்தியாசம் வருகிறது, ஏன் என்று பார்க்கும்படி அவரிடம் சொன்னார்கள். வேறொருவராயின் தள்ளிவிட்டிருப்பார். அவரோ அந்த முக்கால் டாலரைப் பற்றிக்கொண்டு மாதக்கணக்கில் தொடர்ந்தார். அச்சுப்பொறிகளை இணைத்து, ஊடுருவியவன் தட்டிய ஒவ்வோர் எழுத்தையும் பதிந்தார்; நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதினார். முடிவில் அகப்பட்டவன் அப்போதைய மேற்கு ஜெர்மனியில் இருந்துகொண்டு, அமெரிக்க இராணுவக் கணிப்பொறிகளில் தகவல் திருடிச் சோவியத் உளவுத்துறைக்கு விற்ற கூட்டத்தைச் சேர்ந்தவன். ஸ்டாலிடம் இத் துறைக்குரிய சான்றிதழ் ஒன்றும் இல்லை. ஐயுறும் மனம், விடாமுயற்சி, குறிப்பெழுதும் ஒழுங்கு ஆகிய மூன்றும் இருந்தன.

இவற்றைப் பழகப் பெருஞ்செலவு வேண்டுமோ என்று பெற்றோர் அஞ்சக்கூடும். அஞ்ச வேண்டாம். 8 ஜி.பி. நினைவகமுள்ள பழைய மடிக்கணிப்பொறி ஒன்று போதும். ‘வெர்ச்சுவல் பாக்ஸ்’ என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு, ஒரே கணிப்பொறிக்குள் இரண்டு மூன்று கற்பனைக் கணிப்பொறிகளை உண்டாக்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றைத் தாக்கியும் காத்தும் பழகலாம். ‘வயர்ஷார்க்’ என்னும் இலவசக் கருவி, கம்பியில் ஓடும் செய்திகளைக் கண்முன் விரித்துக் காட்டும். லினக்ஸ் கட்டளைகளைப் படிப்படியாகப் பழக ‘பேண்டிட்’ என்ற விளையாட்டும், இணையப் பக்கங்களின் ஓட்டைகளைக் கற்க ‘போர்ட்ஸ்விக்கர்’ நிறுவனத்தின் பயிற்சிக்கூடமும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஐ.ஐ.டி.க்களும் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து நடத்தும் ‘என்.பி.டெல்’ பாடங்களைக் கட்டணமின்றிக் கேட்கலாம். விரும்பினால் சுமார் 1,000 ரூபாய் செலுத்தி, நாம் வாழும் நகரிலேயே பரீட்சை எழுதலாம். முறையான வகுப்பு வேண்டுவோர், புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு நிறுவனமான ‘சி-டாக்’ நடத்தும் ஏறக்குறைய ஆறு மாதப் பட்டயப் படிப்பை நுழைவுத் தேர்வின் மூலம் நாடலாம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. பழகுவதெல்லாம் சொந்தக் கணிப்பொறியிலோ, பயிற்சிக்கென்றே திறந்துவைத்த தளங்களிலோ நிகழவேண்டும். கல்லூரியின் கணிப்பொறியையோ, அண்டை வீட்டாரின் வைஃபையையோ, ‘விளையாட்டாக’ நுழைந்து பார்த்தேன் என்று சொன்னால் சட்டம் ஏற்காது. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 43ஆம் பிரிவில் அனுமதியின்றி நுழைபவரை இழப்பீட்டுக்குப் பொறுப்பாளியாக்குகிறது. அதனை நேர்மையற்ற நோக்கத்துடன் செய்தால், 66ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையோ, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். வழக்கில் சிக்கிய இளைஞனை எந்த வங்கியும் காவலனாக வைத்துக்கொள்ளாது. அனுமதி எழுத்தில் இருக்கவேண்டும் என்பது இத் தொழிலின் முதல் ஒழுக்கம்.

இனிச் சான்றிதழ்களுக்கு வருவோம். அவை சொல்லும் சாட்சியைக் கொண்டு மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, ‘இவருக்கு அடிப்படை தெரியும்’ என்பவை. காம்ப்டியா அமைப்பின் ‘செக்யூரிட்டி பிளஸ்’ இவ்வகையைச் சேர்ந்தது. 90 நிமிடத்தில் அதிகபட்சம் 90 வினாக்கள். 900க்கு 750 பெற்றால் தேர்ச்சி. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். சிஸ்கோவின் ‘சி.சி.என்.ஏ.’ நெட்வொர்க் அறிவுக்கு மதிப்புள்ள சாட்சி. அதற்கும் ஆயுள் மூன்று ஆண்டே. ‘சி.இ.எச்.’ என்ற சான்றிதழின் பெயரை நம் நாட்டு வேலை விளம்பரங்களில் அடிக்கடி காண்கிறோம். அதில் 125 வினாக்களுக்கு நான்கு மணி நேரம். ஆனால் அந்த எழுத்துத் தேர்வு விடையைத் தெரிந்தெடுக்கும் தேர்வுதான். கைத்திறனைச் சோதிக்க ஆறு மணி நேரச் செய்முறைத் தேர்வு தனியே இருக்கிறது என்பதை மறத்தலாகாது.

இரண்டாம் வகை, ‘இவரால் செய்ய முடியும்’ என்பவை. இவற்றுள் பெயர்பெற்றது ‘ஓ.எஸ்.சி.பி.’. இதில் நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் வழியில்லை. 23 மணி 45 நிமிடத்துக்குள் தரப்பட்ட கணிப்பொறிகளில் நுழைந்து காட்டவேண்டும். அடுத்த 24 மணி நேரத்தில் செய்ததை அறிக்கையாக எழுதித் தரவேண்டும். நம் தாத்தாமார் எழுதிய தட்டெழுத்துப் பரீட்சையின் நேர்வாரிசு இதுவே எனலாம். ஆனால் பாடமும் தேர்வும் சேர்ந்து 1,500 டாலருக்கு மேல் செலவாகும். அடிப்படை இல்லாதவர் இதில் இறங்குவது நீந்தத் தெரியாதவர் வெள்ளத்தில் குதிப்பதை ஒக்கும்.

மூன்றாம் வகை, ‘இவர் பல்லாண்டு பணியாற்றியவர்’ என்பவை. ‘சி.ஐ.எஸ்.எஸ்.பி.’ 1994 முதல் வழங்கப்படுகிறது. எட்டுப் பாடப்பகுதிகளுள் குறைந்தது இரண்டில், ஐந்தாண்டு ஊதியப் பணி அனுபவம் இருக்கவேண்டும். பட்டப் படிப்புக்கு ஓராண்டு சலுகை உண்டு. அனுபவமின்றித் தேறியவர் ‘இணை உறுப்பினர்’ என்றே வழங்கப்படுவார். ஆறு ஆண்டுக்குள் அனுபவத்தை நிறைவு செய்யவேண்டும். ‘சி.ஐ.எஸ்.ஏ.’ தணிக்கையாளருக்குரியது, 1978 முதல் உள்ளது. 150 வினாக்கள், நான்கு மணி நேரம். இதற்கும் ஐந்தாண்டு அனுபவம் தேவை. கல்விக்கும் பிற பணிக்கும் ஏற்ப மூன்றாண்டு வரை விலக்குக் கிடைக்கும். கல்லூரியை விட்டு வந்தவுடன் இவற்றை நாடுவதில் பயனில்லை. ‘புதியவருக்கு ஆறு மாதத்தில் சி.ஐ.எஸ்.எஸ்.பி.’ என்று எவரேனும் விளம்பரம் செய்தால், அந்த விளம்பரத்தின் மதிப்பை நீங்களே அறிந்துகொள்ளலாம்.

அப்படியாயின் யார் எதைத் தேர்ந்தெடுப்பது? பொறியியலோ அறிவியலோ படித்து, வேலை இன்னும் கிடைக்காத இளைஞர், முதலில் ஆறு முதல் ஒன்பது மாதம் மேற்சொன்ன நான்கு படிகளையும் வீட்டிலேயே பழகி, பின்னர் முதல் வகையில் ஒன்றே ஒன்றை எழுதலாம். ஒன்று போதும், மூன்று வேண்டியதில்லை. ஏற்கெனவே கணிப்பொறிப் பராமரிப்பிலோ நெட்வொர்க் பணியிலோ இருப்பவர், தம் அலுவலகத்திலேயே பாதுகாப்புப் பிரிவுக்கு மாற்றம் கேட்பது வெளியில் வேலை தேடுவதைவிட எளிது. வணிகவியல் படித்தவர்களும் கணக்காயர்களும், ‘இது நமக்குரிய துறையன்று’ என்று ஒதுங்கவேண்டாம். ஏடுகளைச் சரிபார்க்கும் கண் தணிக்கைப் பணிக்கு மிக உகந்தது. ஐ.எஸ்.ஓ. 27001 என்னும் தர விதி 2022இல் திருத்தப்பட்டபோது 93 கட்டுப்பாடுகளாக வகுக்கப்பட்டது. அதனைப் படித்துணர்ந்து, பின்னர் சி.ஐ.எஸ்.ஏ. நோக்கிச் செல்வது அவர்களுக்கு நேர்வழி. குழந்தைகளை வளர்ப்பதற்காக வேலையை விட்டிருந்து, இப்போது மீள விரும்பும் பெண்மணிகளுக்கும் இவ்வழி பொருந்தும்.

எந்த ஊரில் வாழ்கிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். வங்கிகளும் பங்குச் சந்தையும் மிகுந்த மும்பையில் தணிக்கைக்கும் கண்காணிப்புக்கும் இடம் அதிகம். மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் கிளவுட் அமைப்புக் காவலுக்கும் நிரல் சோதனைக்கும் தேவை உண்டு. அரசு அலுவலகங்கள் சூழ்ந்த தில்லியில் விதிமுறை அறிந்தோருக்கு வாய்ப்பு உண்டு. ஆகவே சான்றிதழைத் தேர்ந்தெடுக்குமுன், நம் நகரில் வரும் வேலை விளம்பரங்களை ஒரு மாதம் சேகரித்து, எந்தத் திறன்களும் எந்தப் பெயர்களும் திரும்பத் திரும்ப வருகின்றன என்று ஒரு தாளில் கோடிட்டு எண்ணுங்கள். எந்தத் தரகரும் தரமுடியாத அறிவுரையை அந்தத் தாள் தந்துவிடும்.

பணம் கட்டுமுன் நான்கு வினாக்களைக் கேளுங்கள். பரீட்சையை நடத்துவது பயிற்சி நிலையமா, வேறு அமைப்பா? பயிற்சியளிப்பவரே பரீட்சகராகவும் இருந்தால் சாட்சிக்கு மதிப்புக் குறைவு. தேர்வுக் கட்டணம் கட்டணத்தில் அடங்குமா, தனியா? புதுப்பிக்க ஆண்டுதோறும் எவ்வளவு? சி.ஐ.எஸ்.எஸ்.பி. போன்றவற்றுக்குத் தேர்வுக் கட்டணம் ஏறத்தாழ 750 டாலர். அதன் பின்னரும் ஆண்டுச் சந்தா உண்டு. நான்காவதாக, ‘வேலை உத்தரவாதம்’ என்பதை எழுத்தில் தருவார்களா, தராவிடில் பணம் திரும்புமா? இவற்றுக்கு நேரான விடை வராத இடத்தில் கையெழுத்திடாதீர்கள். களவாடிய வினாத்தாள்களை மனப்பாடம் செய்வித்துத் தேறச்செய்கிறோம் என்பாரிடமோ நெருங்கவே வேண்டாம். பிறர் பொருளைக் காக்கப் புறப்படுபவன் திருட்டுப் பொருளோடு தொழிலைத் தொடங்குவது தகுமா?

செம்பூர்ப் பிள்ளை என்ன ஆனான் என்று நேயர்கள் அறிய விரும்பலாம். ஒன்பது மாதம் வீட்டில் உட்கார்ந்து கற்றான். கற்றதையெல்லாம் நாள் வாரியாக ஒரு குறிப்பேட்டில் எழுதினான். நவி மும்பையில் ஒரு கண்காணிப்பு மையத்தில் இரவுப் பணிக்கு நேர்முகத் தேர்வு. பழைய மூன்று சான்றிதழ்களை அங்கு எவரும் கேட்கவில்லை. குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். ஒரு பதிவேட்டைக் கொடுத்து, “இதில் என்ன தெரிகிறது?” என்றார்கள். அவனுக்குத் தெரிந்தது. தொடக்கச் சம்பளம் சிறியதுதான். பகலில் உறங்குவதும் எளிதன்று. ஆயினும் ஓராண்டுக்குப் பின் அலுவலகமே கட்டணம் செலுத்தி அவனைச் செக்யூரிட்டி பிளஸ் எழுதச் செய்தது. வளையல்களை மீட்க இரண்டு ஆண்டுகள் ஆயின. அந்த இரண்டு ஆண்டு வட்டியையும் அந்தத் தாய் செலுத்தியிருக்க வேண்டியதில்லை என்பதே என் மனத்தில் இன்றும் உறுத்தும் எண்ணம். அதனாலேயே இன்று உங்கள் முன் பேச இசைந்தேன்.

அன்பர்களே, சான்றிதழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊரும் உறவும் இல்லாத இடத்தில், நம்மை அறியாதவர் முன் நிற்கும்போது, நமக்காகப் பேச ஒரு சாட்சி தேவைதான். ஆனால் சாட்சி சொல்ல ஒரு செய்தி முன்னரே இருக்கவேண்டும். முதலில் கையைப் பழக்குங்கள். அந்தக் கைக்கு ஏற்ற சாட்சியைப் பின்னர் தேடுங்கள். நம் முன்னோர் தகரப் பெட்டியில் கொண்டுவந்த அந்த இரண்டு காகிதங்களுக்குப் பின்னால், தட்டெழுத்துப் பள்ளியில் அவர்கள் கழித்த எத்தனையோ விடியற்காலைகள் இருந்தன. அந்தக் காலைகளை நாமும் நம் பிள்ளைகளுக்குக் கொடுப்போமாக.